‘சர்வீஸ்’ என்னும் சொல்லும் திருச்சபையின் ஊழியமும்

வடசென்னையில் இராயபுரம் தொடங்கித் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் கடற்கரைப் பகுதியில் சபைப் பொறுப்பேற்கும் இளம் போதகர், தாம் இறையியற் கல்லூரியில் பயின்ற அருஞ்சொற்கள் பலவற்றை அங்கே கேட்கமாட்டார். ஆனால் ஓர் ஆங்கிலச் சொல்லை நாள் முழுவதும் கேட்பார். ‘சர்வீஸ்’ என்பதே அச்சொல். அதை ஆங்கிலம் என்று அங்கே எவரும் கருதுவதில்லை. பள்ளிப்படி மிதியாத மூதாட்டியாரும் அதைத் தம் சொந்தச் சொல்லாகவே ஆளுகின்றார். இச்சொல் அங்கு எத்தனை பொருளில் வழங்குகின்றது, திருமறையின் மொழியோடு அதை வைத்து நோக்கும்போது நமக்கு விளங்குவது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். மனிதரின் உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்னும் பெரிய வழக்கொன்று இச்சிறு சொல்லுக்குள் அடங்கியிருத்தலால், போதகர்கள் இதனைச் சற்றுப் பொறுமையுடன் கேட்பது தகும்.

முதலில் வழக்காற்றைக் காண்போம். ‘காலை சர்வீஸுக்குப் போனீங்களா?’ என்று ஒரு பெண் மற்றொருவரைக் கேட்டால் அது ஞாயிறு ஆராதனை. ‘வண்டியை சர்வீஸுக்கு விட்டிருக்கேன்’ என்று ஓர் இளைஞன் சொன்னால் அது பட்டறையில் எண்ணெய் மாற்றிப் பழுது பார்ப்பது. ‘வாட்டர் சர்வீஸ்’ என்று பலகை தொங்கும் இடத்தில் லாரிகளைக் கழுவித் தருவார்கள். துறைமுகச் சரக்கை வெளியூர்களுக்கு ஏற்றிச் செல்லும் நிறுவனங்கள் ‘லாரி சர்வீஸ்’, ‘பார்சல் சர்வீஸ்’ என்று பெயர் வைத்துக்கொள்கின்றன. மின்கட்டண அட்டையில் இருப்பது ‘சர்வீஸ் நம்பர்’. குப்பத்து வீட்டில் முதன்முதலாக விளக்கு எரிந்தால் ‘எங்க வீட்டுக்கு சர்வீஸ் கொடுத்துட்டாங்க’ என்பார்கள். உணவுக்கடையில் பரிமாறுவதும் சர்வீஸ். கைப்பந்தாட்டத்தில் முதற் பந்தை அடிப்பதும் சர்வீஸ். படையில் இருந்து ஓய்வு பெற்றவர் ‘எக்ஸ் சர்வீஸ்மேன்’. மழை வெள்ளத்தில் புறநகர் இரயில் நின்றுவிட்டால் ‘கும்மிடிப்பூண்டி லைன்ல சர்வீஸ் இல்லை’ என்று செய்தி பரவும். தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் 1856 ஜூலை 1ஆம் நாள் புறப்பட்டது இராயபுரத்திலிருந்துதான். ஆகவே இந்தப் பொருளில் இச்சொல்மேல் அவ்வூராருக்கு மற்றவரைவிட மூத்த உரிமை உண்டு எனலாம்.

இத்தனை பொருளும் ஒருபுறம் இருக்க, அப்பகுதி மக்களின் நாவில் இச்சொல் கனத்தோடு விழும் இடம் வேறொன்று. ‘அவருக்கு இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்’ என்று ஒருவரைப்பற்றிச் சொல்லும்போது குரலில் ஒரு மரியாதை தோன்றும். திருமணப் பேச்சிலும், கடன் கேட்குமிடத்திலும், சாவு வீட்டிலும் இந்தக் கணக்குச் சொல்லப்படுகின்றது. இறந்தவரைப்பற்றி அடக்க ஆராதனையில் பேச எழுபவர், அவர் எந்த ஆண்டு பிறந்தார் என்பதை மறந்தாலும் எத்தனை ஆண்டு சர்வீஸ் என்பதை மறப்பதில்லை.

வேலை உண்டு, சர்வீஸ் இல்லை

இங்கே நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. ‘வேலை’ என்பதும் ‘சர்வீஸ்’ என்பதும் அம்மக்களுக்கு ஒன்றல்ல. சுமை தூக்குபவர், தொட்டி சுத்தம் செய்பவர், கப்பலின் அடித்தளத்தில் துருச் சுரண்டுபவர், ஆலை வளாகத்தைப் பெருக்குபவர் அனைவரும் வேலை செய்கின்றனர். அவர்களுள் சிலருக்கே சர்வீஸ் உண்டு. ‘பதினோரு வருஷமா அதே கேட்டுக்குள்ளதான் வேலை செய்யறேன், ஆனா சர்வீஸ் கிடையாது’ என்று ஓர் ஒப்பந்தத் தொழிலாளர் சொல்வதில் முரண்பாடு ஒன்றுமில்லை. வேலை என்பது உடம்பு செய்வது. சர்வீஸ் என்பது அதனை இன்னொருவர் ஏற்று, ஏட்டில் எழுதி, நாளும் ஆண்டுமாகக் கூட்டிக் காப்பது. எழுதப்பட்ட உழைப்பே சர்வீஸ். எழுதப்படாதது எத்தனை ஆண்டு நீடித்தாலும் வேலைதான்.

இவ்வேறுபாடு நாட்டுச் சட்டங்களால் கூர்மை பெற்றது. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டம், பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்தவரைத் தொடர்ச்சியான சர்வீஸில் ஓராண்டு இருந்தவராகக் கொண்டது. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டு தொடர்ச்சியான சர்வீஸ் உடையவருக்கு ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்னும் கணக்கை வகுத்தது. 1981ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தொழிலாளருக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டத்தை இயற்றி, இருபத்துநான்கு மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்தவர் நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்றது. தொழிலாளரைக் காப்பதற்கென எழுந்த இவ்வெண்களே அவரை விலக்கி வைக்கும் வேலியாகவும் பயன்பட்டன. எண் நிறைவதற்கு முன் சில நாள் நிறுத்திவைத்து மீண்டும் புதியவர்போல் சேர்த்துக்கொள்வதைத் தொழிற்பேட்டையில் ‘பிரேக் கொடுக்கிறது’ என்பார்கள். அந்த இடைவெளி நாட்களில் அவர் வீட்டு அடுப்பு என்னாயிற்று என்பதைப் போதகர் வீட்டுச் சந்திப்பில்தான் அறியவேண்டும். வேறு எந்த ஏட்டிலும் அது இராது.

துறைமுகத்தின் கதை இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. பழங்காலத்தில் கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. மேஸ்திரி கைகாட்டி அழைத்தவருக்கே அன்றைய கூலி. 1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் வேலைவாய்ப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பெருந்துறைமுகங்களில் வாரியங்கள் அமைக்கப்பட்டுத் தொழிலாளர் பெயர் பதிவாயிற்று. கப்பல் இல்லாத நாளிலும் வந்து கையெழுத்திட்டவருக்குச் சிறு தொகை உண்டு என்றாயிற்று. நாட்கூலிக்காரர் ‘சர்வீஸ்’ உடையவரானது இவ்வாறே. பின்னர் 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. மூட்டையைத் தோளில் சுமந்த தலைமுறையின் இடத்தைப் பாரந்தூக்கிப் பொறி எடுத்துக்கொண்டது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் மின்சாரம் தரத் தொடங்கி 2017 மார்ச் மாதம் மூடப்பட்டது. அங்கே பணியாற்றியவர்களின் ஆண்டுக்கணக்கு அவரவர் ஏட்டில் நிலைத்திருக்க, அவர்களோடு தோள் சேர்ந்து நிலக்கரிச் சாம்பலை அள்ளிய ஒப்பந்தக்காரரின் ஆண்டுகளுக்கு அத்தகைய ஏடு ஏது?

திருமறையில் ஒரு சொல்

ஆங்கிலத்தில் ‘சர்வீஸ்’ என்பது இலத்தீன் மொழியில் அடிமைத்தனத்தைக் குறித்த சொல்லின் வழிவந்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்த காலத்தில் அதன் மிகப் பழைய பொருள்களுள் ஒன்று பொது வழிபாடு என்பதாகும். ஆகவே ஞாயிறு ஆராதனையைச் சர்வீஸ் என்பது பேச்சுக் கொச்சை எனக் கருதித் திருத்தப்புகும் போதகர் அவசரப்படுகின்றார். அடிமை, உழைப்பு, வழிபாடு மூன்றையும் ஒரே சொல் தாங்குவது எபிரேய மொழியில் அதற்கும் தொன்மையான வழக்கு.

எபிரேயத்தில் ‘அவோதா’ என்னும் சொல் வயலில் உழைப்பதையும், பார்வோனுக்குச் செங்கல் அறுத்ததையும், லேவியர் ஆசரிப்புக்கூடத்தில் செய்ததையும், இஸ்ரவேலர் மலையில் கடவுளை வழிபட்டதையும் ஒருங்கே குறிக்கும். யாத்திராகமம் 1:14இல் இஸ்ரவேலரின் வாழ்வைக் கசப்பாக்கியதும் அவோதாதான். அதே வினையடியே 3:12இல் மலையின்மேல் நடக்கவிருக்கும் வழிபாட்டுக்கும், 7:16இல் பார்வோனிடம் மோசே கேட்கும் விடுதலைக்கும் ஆளப்படுகின்றது. எபிரேயத்தில் வாசிப்பவருக்கு யாத்திராகமம் யாருக்கு அவோதா என்பதைப்பற்றிய ஒரே வழக்காகத் தோன்றும். அடிமை வேலையை நிறுத்திவிட்டு வேறொரு பக்திச் செயலுக்குப் போவதன்று அங்கு நடப்பது. ஓர் எஜமானிடமிருந்து இன்னொருவரிடம் அந்த உழைப்பே மாற்றப்படுகின்றது. நம் சபைகளில் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் முதல் இடத்தில் ‘வேலை’ என்றும் மற்ற இடங்களில் ‘ஆராதனை’ என்றும் இருத்தலால், அந்த வழக்கு நம் காதில் விழுவதில்லை. ஆலையில் இருப்பது ஒன்று, ஆலயத்தில் இருப்பது வேறொன்று என்று மனம் பிரித்துக்கொள்கின்றது.

புதிய ஏற்பாட்டில் இப்பிரிவு இன்னும் நுட்பமானது. கிரேக்கத்தில் ‘தியாகோனியா’ என்பது முதலில் பந்தியில் பரிமாறும் பணிவிடை. லூக்கா 10:40இல் மார்த்தாள் செய்ததும் தியாகோனியா. அப்போஸ்தலர் 6:1இல் விதவைகளுக்கு அன்றாடம் உணவளித்ததும் தியாகோனியா. அதே அதிகாரம் 4ஆம் வசனத்தில் அப்போஸ்தலர் தமக்கென வைத்துக்கொண்ட வசனப் பணியும் தியாகோனியா. பவுல் ரோமர் 11:13இல் தம் அழைப்பைக் குறிப்பதும் அச்சொல்லாலேயே. பழைய மொழிபெயர்ப்பைத் திறந்து பார்ப்போமாயின், மார்த்தாளுக்கு ‘வேலை’, விதவைகளின் உணவுக்கு ‘விசாரணை’, அப்போஸ்தலருக்கும் பவுலுக்கும் ‘ஊழியம்’ என்று இருக்கும். மூலத்தில் ஒரு சொல், தமிழில் மூன்று படிகள். அடுக்களைப் பெண் கீழ்ப்படியிலும் பிரசங்கியார் மேற்படியிலும் நிற்கின்றனர். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றே இவ்வாறு செய்தனர் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்குவும், பின் சென்னை வேப்பேரியில் பப்ரிசியுசும் தொடங்கி, பவரும் அவர்தம் குழுவினரும் 1871இல் வெளியிட்ட பதிப்பு வரை உழைத்தவர்கள், அந்தந்த இடத்துக்குத் தமிழ்ச் செவிக்கு இயல்பானது எதுவோ அதை வைத்தனர். ஆயினும் தமிழ்ச் செவிக்கு எது இயல்பு என்பதைச் சாதியும் படிநிலையும் முன்னமே தீர்மானித்துவிட்டிருந்தன என்பதை மறத்தலாகாது.

1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கூடி வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு இவ்விடங்களில் ‘பணி’ என்னும் சொல்லைப் பெரிதும் கையாள்கின்றது. மார்த்தாவும் பணி புரிகின்றார், அப்போஸ்தலரும் வார்த்தைப் பணி ஆற்றுகின்றனர். பணி என்பது தமிழில் உழைப்பு; பணிதல் வணங்குதல்; பணித்தல் கட்டளையிடுதல். அவோதாவுக்கு மிக அண்மையில் நிற்கும் தமிழ்ச்சொல் இதுவே என்பது எம் கருத்து. ஆயினும் நம் சபைகளுள் மிகப் பலவற்றில் அம்மொழிபெயர்ப்பு படிப்பறையில் இருக்கின்றதேயன்றி வாசக பீடத்தில் இல்லை. எண்ணூர்த் தொழிலாளரும் ‘பணி’ என்று பேசுவதில்லை. அவர் ‘டூட்டி’ என்பார், ‘வேலை’ என்பார், ‘சர்வீஸ்’ என்பார். இம்மூன்றனுள் வழிபாட்டுக்கும் உழைப்புக்கும் பொதுவாக நிற்பது சர்வீஸ் ஒன்றே. மூல மொழிகள் இணைத்ததும் நம் திருமறைத் தமிழ் பிரித்ததும் தெருவில் ஓர் அன்னியச் சொல்லால் மீண்டும் இணைந்திருப்பது வியப்பன்றோ?

ஊழியம் என்பதன் கதை

‘ஊழியம்’ என்னும் சொல்லை நாம் இன்று புனிதமான சொல்லாக வழங்குகின்றோம். ‘முழுநேர ஊழியம்’, ‘ஊழிய அழைப்பு’, ‘ஊழியக்காரர்’ என்பனவற்றைக் கேட்டால் தலை வணங்குகின்றது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் தென் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஊழியம் என்றால் அரசுக்கும் கோவிலுக்கும் கூலியின்றிக் கட்டாயமாகச் செய்யும் வேலை. யானைக்குத் தழை சுமப்பதும், உப்பும் நெல்லும் சுமப்பதும் அதில் அடங்கும். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் ஆண்ட காலத்திலும் குறிப்பிட்ட சாதியாரிடம் வாங்கிய கட்டாய உழைப்பு இப்பெயராலேயே வழங்கிற்று. சோழர் கல்வெட்டுகளில் இவ்வாறான கூலியில்லா வேலைக்கு ‘வெட்டி’ என்று பெயர். நாம் இன்று பயனற்ற வேலையை வெட்டி வேலை என்பது அதன் எச்சமே. நாகர்கோவில் பகுதியில் இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் போன்றோர், கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வூழியத்திலிருந்து விலக்கும்படி அரசிடம் முறையிட்டனர். ஊழியம் செய்ய வந்தவர்கள் ஊழியத்தை ஒழிக்கப் போராடினார்கள் என்றால் இன்றைய வாசகர் திகைக்கலாம். அக்காலச் சபையாருக்கு இதில் திகைப்பு இராது. ஞாயிறு சர்வீஸுக்கு வருவதற்கே ஊழியத்தினின்று விடுபடவேண்டும் என்பது அவர்கள் உடம்பால் அறிந்த யாத்திராகமம்.

ஆகவே ஊழியம் என்னும் சொல்லில் இரண்டு நினைவுகள் உண்டு. கிறிஸ்து தம்மையே கொடுத்த பணி (மாற்கு 10:45) ஒரு நினைவு. கூலி கொடாமல் பிறரை வேலை வாங்குதல் மற்றொரு நினைவு. எரேமியா 22:13இல் அயலானைச் சும்மா வேலைகொள்கிறவன்மேல் கூறப்படும் ஐயோ என்பதில் வரும் எபிரேய வினையும் அவோதாவின் வினையடியே. லாபானிடம் யாக்கோபு கொண்ட கணக்கையும் (ஆதியாகமம் 31:41) இங்கே நினைவுகூரலாம். இருபது ஆண்டு உழைப்பு, பத்துமுறை மாற்றப்பட்ட சம்பளம். திருவொற்றியூரில் இவ்வதிகாரத்தை வாசித்தால் விளக்கவுரை மிகுதியாகத் தேவைப்படாது.

பிற மரபுகளிலிருந்து

நம்மைச் சூழ்ந்துள்ள பக்தி மரபுகளிலும் இக்கேள்வி எழுந்துள்ளது. திருவொற்றியூர் என்றதும் சைவர் நினைவில் எழுவோருள் ஒருவர் கலிய நாயனார். சேக்கிழாரின் பெரியபுராணம் கூறுமாறு, இவர் அவ்வூர்ச் செக்குத் தொழிலாளர் மரபினர். கோவிலில் விளக்கெரித்து வந்தார். செல்வம் கரைந்தபின் பிறரிடம் எண்ணெய் வாங்கி விற்றும், அதுவும் கிட்டாதபோது கூலிக்குச் செக்கு இழுத்தும் விளக்கேற்றினார். கூலி வேலைக்கும் தொண்டுக்கும் அவர் வாழ்வில் சுவர் இல்லை. இறுதியில் எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியையே விளக்கில் வார்க்கத் துணியும் கட்டத்தில் நாம் சற்று நிற்கிறோம். உழைப்பவரின் குருதியைக் கேட்கும் வழிபாட்டை நற்செய்தி ஏற்காது. அந்நாயனாரின் இறைவனும் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார் என்றே புராணம் சொல்கின்றது.

வைணவர் வழக்கில் ‘சேவை’ என்பது வேறொரு திசையில் செல்கின்றது. (சேவை என்ற பெயரில் சிற்றுண்டி ஒன்றும் உண்டு, அதை இங்கு விட்டுவிடுவோம்.) ‘பெருமாள் சேவை சாதித்தார்’ என்றால் அவர் அடியாருக்குத் தம் காட்சியைத் தந்தார் என்பது பொருள். கருட சேவையில் மக்கள் பெறுகின்றனர், கடவுள் தருகின்றார். ஜெர்மானிய லுத்தரன் சபையார் ஆராதனைக்கு வழங்கும் ‘கோத்தஸ்தீன்ஸ்ட்’ என்னும் சொல்லை விளக்குவோரும் இதையே கூறுவர்: அது மனிதர் கடவுளுக்குச் செய்யும் பணி மட்டுமன்று, கடவுள் மனிதருக்குச் செய்யும் பணியுமாகும். லூக்கா 12:37, 38 வசனங்களில் எஜமான் இடைக்கச்சை கட்டிக்கொண்டு, இரண்டாம் ஜாமத்திலும் மூன்றாம் ஜாமத்திலும் விழித்திருந்த வேலைக்காரரைப் பந்தியிலிருத்திப் பரிமாறுகின்றார். இரவு ஷிப்டு முடிந்து கண்ணெரிச்சலோடு நேரே ஆலயத்துக்கு வந்து, கடைசி வரிசையில் அமர்ந்து, பிரசங்கத்தில் உறங்கிவிடுபவரை நாம் எல்லோரும் அறிவோம். அவரை எழுப்புமாறு மூப்பருக்குச் சைகை காட்டுமுன் இவ்வசனங்களை ஒருமுறை வாசிப்பது நல்லது.

கிரேக்கத்தின் ‘லெயிதூர்கியா’ பற்றியும் ஒரு சொல். இன்று நாம் வழிபாட்டு முறைமைக்கு வழங்கும் பெயர் இதிலிருந்து வந்தது. பண்டைய ஆதென்ஸ் நகரில் செல்வந்தர் தம் செலவில் ஊருக்குச் செய்யவேண்டிய பொதுக் கடமையை அது குறித்தது. அவற்றுள் பெரியது ஒரு போர்க்கப்பலை ஓராண்டு பராமரிக்கும் பொறுப்பு. துறைமுக மக்களுக்கு இதைவிட எளிய விளக்கம் கிடைக்காது. எளியோருக்கெனத் திரட்டிய காணிக்கையையும் (2 கொரிந்தியர் 9:12), எப்பாப்பிரோதீத்து சிறையிலிருந்த பவுலுக்குக் கொண்டுவந்த உதவியையும் (பிலிப்பியர் 2:30) பவுல் இச்சொல்லால் குறிக்கின்றார். 2017 ஜனவரி 28ஆம் நாள் எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதிக் கரையெங்கும் கரும் எண்ணெய் படிந்தபோது, மீனவரும் மாணவரும் தன்னார்வலரும் வாளிகளால் அதை அள்ளினர். ஊருக்காகச் செய்த பொதுப்பணி என்னும் பழம்பொருளில் அது லெயிதூர்கியா. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நம் மன்றாட்டுகளில் அதற்கு இடமிருந்ததா என்பது வேறு கேள்வி.

ரோமர் 12:1இல் நம் உடலைப் படைப்பதற்குப் பவுல் வழங்கும் ‘லத்ரெயா’ என்பதை ஆங்கிலத்தின் பழைய மொழிபெயர்ப்பு ‘சர்வீஸ்’ என்றும் தமிழ் ‘ஆராதனை’ என்றும் பெயர்த்தன. இரண்டும் சரியே. ஆனால் அங்கே படைக்கப்படுவது உடல் என்பதைத் தமிழ்ப் பிரசங்கம் விரைவில் மறந்து உள்ளத்துக்குத் தாவிவிடுகின்றது. துருச் சுரண்டும் கை, சுமையால் காய்த்த தோள், அமோனியா நெடியில் இருமும் மார்பு ஆகியவையே வடசென்னைச் சபையார் பலிபீடத்துக்குக் கொண்டுவரும் உடல்.

நம் வீட்டுக் கணக்கு

இதுகாறும் ஆலைகளைப்பற்றிப் பேசினோம். இனித் திருச்சபை தானும் வேலை கொடுப்பவர் என்பதை நோக்குவோம். ஆலயத்தைத் திறந்து, பெருக்கி, மணியடித்து, கல்லறையில் குழி வெட்ட ஆள் தேடி ஓடும் கோயில்பிள்ளை. மழலையர் பள்ளி ஆயா. வீடு வீடாகச் சென்று பெண்களுக்கு வேதம் வாசித்த பைபிள் உமன். போதகர் இல்லத்து வாசலில் இரவெல்லாம் விழித்திருக்கும் காவலர். இவர்கள் ஊதிய உயர்வு கேட்டால் நாம் சொல்லும் விடை என்ன? ‘இது வேலை இல்லை அம்மா, ஊழியம்.’ இவ்விடை எத்தனை குழுக்கூட்டங்களில் எத்தனை கனிவான குரலில் சொல்லப்பட்டிருக்கின்றது! தொழிலதிபர் ‘பிரேக்’ கொடுத்துச் செய்ததை நாம் ஒரு புனிதச் சொல்லைக் கொடுத்துச் செய்துவிடுகின்றோம். மார்த்தாளின் தியாகோனியாவை வேலை என்று கீழிறக்கியவர்களும் நாமே. கூலி கேட்கும்போது அதையே ஊழியம் என்று மேலேற்றுபவர்களும் நாமே.

1978இல் பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் உச்சநீதிமன்றத்தின் எழுவர் அமர்வு, நீதிபதி கிருஷ்ண ஐயரின் தீர்ப்பு வாயிலாக, ‘தொழில்’ என்பதன் எல்லையை மிக விரிவாக்கியது. முற்றிலும் ஆன்மிகமான செயல் அதற்குள் வராது என்று விலக்கிய அதே தீர்ப்பு, பேரளவில் பிரசாதம் செய்தல் போன்று மறுமையை நோக்கிய நற்பேறுக்காகச் செய்யும் உலகப் பொருட் பணிகள் உள்ளே வரும் என்றும் கூறிற்று. அர்ச்சகர் உச்சரிப்பது வேறு. மடைப்பள்ளியில் அடுப்பூதுபவர் செய்வது தொழில், அவருக்கு உரிமை உண்டு என்பது அதன் கருத்து. தொழிற்சட்டங்கள் பின்னர்ப் பலவாறு மாறினும், நீதிமன்றம் அன்று எழுப்பிய கேள்வி சபைக்கு இறையியற் கேள்வியாகவே நிற்கின்றது. தியாகோனியாவை மூன்றாகப் பிரிக்காத புதிய ஏற்பாட்டைக் கையில் வைத்திருக்கும் நாம், மடைப்பள்ளிக்கு நீதிமன்றம் காட்டிய கவனத்தைக்கூட நம் ஆலயப் பணியாளருக்குக் காட்டாதிருப்பது எங்ஙனம் பொருந்தும்?

சபைக்கு வருவாய் குறைவு என்னும் மறுமொழியை நாம் அறிவோம். பல சபைகளில் அது உண்மையே. நாம் இங்குக் கேட்பது முதலாவது பணம் அன்று, எழுத்து. இராயபுரத்துத் தொழிலாளரிடமிருந்து நாம் கற்கவேண்டியது அதுவே. வேலையைச் சர்வீஸ் ஆக்குவது அதனை எழுதிவைத்துக் கூட்டுவதாகும். எபிரெயர் 6:10 கடவுளைப்பற்றிச் சொல்வதும் இதுவே: அடியாருக்குச் செய்த பணியை மறந்துவிட அவர் அநீதியுள்ளவரல்லர். அங்கே நினைவு என்பது இரக்கம் என்னும் தலைப்பில் வரவில்லை, நீதி என்னும் தலைப்பில் வருகின்றது என்பது நோக்கற்பாலது. ஒருவர் எந்த நாளில் சபைப் பணியில் சேர்ந்தார், எவ்வளவு ஊதியம், எத்தனை நாள் விடுப்பு, சேமநிதி உண்டா என்பவற்றை எழுதுவதற்குப் பெருந்தொகை தேவையில்லை. எழுதியபின் அதற்குரிய தொகையைத் தேடும் கடமை தானாகவே குழுவின்முன் வந்து நிற்கும். எழுதாதிருப்பதற்குக் காரணமும் பெரும்பாலும் அதுவேயாம்.

ஆராதனை நேரங்களைக் குறித்தும் சிறிது கூறவேண்டும். காலை ஆறு மணிக்கு ஷிப்டு தொடங்கும் ஊரில் ஞாயிறு எட்டரை மணி ஆராதனை ஒன்றே போதும் என்று இருப்பது, தொடர் இயக்கமுள்ள ஆலைகளில் பணிபுரிவோரை மாதத்தில் பாதி ஞாயிறுகளில் வெளியே நிறுத்திவிடும். மாலைத் திருவிருந்து ஆராதனை நடத்தும் சபைகள் இதற்கு வழிகாட்டியிருக்கின்றன. பணிநிறைவு பெறும் தொழிலாளருக்காக ஆலயத்தில் தோத்திரம் செலுத்தும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அதே ஞாயிறன்று, நிறைவு என்று சொல்ல ஏதும் எழுதப்படாமல் உடல்நலம் குன்றி வேலையை விட்டவரின் பெயரையும் சேர்த்து வாசிக்கலாம். அவருடைய ஆண்டுகளை அவரையே கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். வேறெவரிடமும் அக்கணக்கு இராது.

நம் ஆலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள் நூறாண்டுக்கு மேலாகப் பூட்டிய அலமாரியில் காக்கப்படுகின்றன. பழைய ஏட்டைப் புரட்டி ஒரு பாட்டனாரின் ஞானஸ்நான நாளை நொடியில் காட்டிவிட முடிகின்றது. அந்த ஞானஸ்நானத் தொட்டியில் அன்று தண்ணீர் நிரப்பியவர் பெயரோ, அவர் எத்தனை ஆண்டு நிரப்பினார் என்பதோ அதில் இல்லை. அதே அலமாரியில் இன்னொரு பதிவேட்டுக்கு இடமிருக்கின்றது. அடுத்த குழுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதனைச் சேர்க்கும்படி போதகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.